பாக்கி இல்லை, ஆனாலும் துண்டிப்பு

மின்கட்டணம் கட்டத் தவறிய வீட்டின் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால், அதற்கு முன் முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எத்தனை குடிசைக்கு அந்த அறிவிப்பு உண்மையில் வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. என்றாலும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அறிவிப்பு தராமல் பியூஸைப் பிடுங்கினால் அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம்.

செல்போனுக்கு அப்படி ஒரு வரி இல்லை. 28 நாள் முடிந்ததும் வெளியே பேச முடியாது. சில நாள் கழித்து வெளியிலிருந்து வரும் அழைப்பும் நின்றுவிடும். வீட்டுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். குறுஞ்செய்தி ஒன்று வரும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். யார் துண்டித்தார்கள் என்று கேட்டால் நிறுவனம் சொல்லும் பதில் எளிது: நாங்கள் துண்டிக்கவில்லை, நீங்கள் ரீசார்ஜ் செய்யவில்லை.

இந்தப் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாத முடிவில் பில் வரும் காலத்தில் கட்டணம் கட்டாதவர் பாக்கிதாரர். பாக்கி என்று ஒன்று இருந்தால் தவணை கேட்கலாம், கணக்கு தவறு என்று வாதாடலாம், துண்டிக்கும் முன் அறிவிப்புக் கொடு என்று சட்டம் போடலாம். முன்பணம் கட்டிப் பேசும் பிரீபெய்டு முறையில் நாம் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைப்பதில்லை. பாக்கியே இல்லாததால் துண்டிப்பு என்ற சொல்லுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. நம் நாட்டில் செல்போன் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரீபெய்டுக்காரர்கள். அவர்களில் ஏழைகள் ஒவ்வொரு மாதமும் சில நாள், சில வாரம் சத்தமில்லாமல் தொடர்பிலிருந்து கழற்றப்படுகிறார்கள். எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சேரிகளில் இதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். முந்திரி ஓய்ந்த பிறகு செந்துறை, ஆண்டிமடம் பக்கமோ, வெங்காய அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட வாரங்களில் ஆலத்தூர், வேப்பந்தட்டைப் பக்கமோ போய்ப் பத்து வீட்டில் போனை வாங்கிப் பாருங்கள். டவர் இருக்கும், சார்ஜ் இருக்கும், பேச்சு இருக்காது. 'மாமா போன்ல சொல்லிவிடுங்க', 'எதிர்வீட்டு அக்கா நம்பருக்கு அடிங்க' என்பார்கள். அந்த எதிர்வீட்டு அக்கா வேலைக்குப் போயிருந்தால் செய்தி மாலைதான் வந்து சேரும்.

கூலிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். பல ஊர்களில் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு, அதை இப்போது விடுவோம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. 28 நாளுக்கான மிகக் குறைந்த திட்டம் ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் 179 ரூபாயிலிருந்து 199 ஆனது. ஜியோவில் 155 என்பது 189 ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 199 ரூபாயை 13 முறை கட்டினால் 2,587 ரூபாய். ஒரு போனுக்கே ஏறத்தாழ எட்டு நாள் கூலி. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்யும் கணவர், ஊரில் மனைவி, கல்லூரியில் படிக்கும் பிள்ளை என்று மூன்று போன் உள்ள குடும்பத்துக்கு 23 நாள் கூலி போய்விடும். நூறு நாளில் 23 நாள், வெறுமனே தொடர்பில் இருப்பதற்காக. படிக்கும் பிள்ளைக்கு அந்தக் குறைந்த திட்டமும் போதாது. தினம் கொஞ்சம் டேட்டா வேண்டுமென்றால் 28 நாளுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் ஆகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவர்களைக் கேளுங்கள், அதில் எவ்வளவு நேராக ரீசார்ஜுக்குப் போகிறது என்று.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. தெருமுனையில் மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி. பூத் இருந்த காலம் நாற்பது வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பூத்துகளை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியலின மக்களுக்கும் முன்னுரிமை இருந்தது. வீட்டுத் தொலைபேசி வைத்திருந்தவர் பில் கட்டாவிட்டால் முதலில் வெளியே பேசுவதைத்தான் நிறுத்துவார்கள். உள்ளே வரும் அழைப்பு கொஞ்ச காலம் ஓடும். அதற்கும் பிறகுதான் முழுத் துண்டிப்பு. செல்போன் வந்த புதிதில் வரும் அழைப்புக்கும் காசு கொடுத்தோம். 2003 மே மாதம் முதல் அழைப்பவர்தான் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற முறை வந்து இன்கமிங் இலவசமானது. மிஸ்டு கால் என்ற ஏழைகளின் தந்தி பிறந்ததும் அதனால்தான்.

2005 கடைசியிலும் 2006இலும் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு 'வாழ்நாள் இன்கமிங்' சிம் விற்றன. ஒருமுறை 999 ரூபாய் கட்டினால் போதும், ஆயுளுக்கும் அழைப்பு வரும் என்றார்கள். ஆட்டை விற்று அந்த சிம்மை வாங்கியவர்கள் நம் ஊர்களில் உண்டு. 2009இல் விநாடிக்கு ஒரு பைசா என்ற கட்டணம் வந்தது. அந்த ஆண்டுகளில் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் பெரம்பலூர் மாவட்டம் வேலூரில் பிறந்த ஆ.இராசா. பெரம்பலூர் தனித்தொகுதியிலிருந்து 1996, 1999, 2004 தேர்தல்களில் வென்றவர். அலைக்கற்றை வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. அந்த வழக்கைப் பற்றிப் பேச இது இடமல்ல. டெல்லியில் அலைக்கற்றையின் விலை பற்றி நடந்த அத்தனை விவாதத்திலும், அந்த அமைச்சரை அனுப்பிய தொகுதியின் கூலித் தொழிலாளி தன் போனை எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்க முடியும் என்ற கேள்வி ஒருநாளும் எழவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

வாழ்நாள் இன்கமிங் ஏன் செத்தது? இதைப் பலரும் நிறுவனங்களின் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேராசை இருக்கட்டும், அதன் அடியில் ஒரு கணக்கு மாறியது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பை வாங்கிக்கொள்ளும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று அழைக்கும் நிறுவனம் கொடுக்க வேண்டும். இந்த இணைப்புக் கட்டணம் 2017 செப்டம்பர் வரை நிமிடத்துக்கு 14 பைசா. அதாவது நம் அம்மா யாரையும் அழைக்காமல், திருப்பூரிலிருந்து மகன் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாலும், அவருடைய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 பைசா வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா நிறுவனத்துக்குச் சுமை அல்ல. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் அது சுழியமாயிற்று. அழைப்பு மட்டும் வாங்கும் ஏழையால் நிறுவனத்துக்கு வரவு இல்லை என்றானது. இந்த மாற்றத்தைச் செய்த ஆணையம், வரவு இல்லாத அந்த வாடிக்கையாளரின் கதி என்னவாகும் என்பதற்கு அப்போதே ஒரு காப்பு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

விளைவு ஓராண்டில் தெரிந்தது. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கட்டாயமாக்கின. 28 நாளுக்கு 35 ரூபாய். கட்டாவிட்டால் வெளியழைப்பு நிற்கும், பிறகு உள்ளழைப்பும் நிற்கும். கணக்கில் பேச்சுக்காசு இருந்தவர்களுக்கும் இதே கதி. புகார் குவிந்து டிராய் தலையிட்டது. கணக்கில் பணம் இருப்பவர்களை உடனே துண்டிக்காதீர்கள், தெளிவாகத் தெரிவியுங்கள் என்று அந்த நவம்பரில் நிறுவனங்களுக்குச் சொன்னது. கட்டணம் எவ்வளவு, வேலிடிட்டி எத்தனை நாள் என்பதெல்லாம் நிறுவனங்களின் விருப்பம், அதில் தலையிடுவதில்லை என்ற நிலையிலிருந்து மட்டும் அது இறங்கவில்லை. சில மாதங்களில் கோடிக்கணக்கான இணைப்புகள் அந்நிறுவனங்களின் கணக்கிலிருந்து மறைந்தன. இரண்டு சிம் வைத்திருந்தவர்கள் ஒன்றை விட்டது அதில் ஒரு பகுதி. ஒரே சிம் வைத்திருந்து அதையும் இழந்தவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அன்று 35 ரூபாய். இன்று 199.

அதே நிறுவனங்கள் 2020இல் வேறு முகம் காட்டின. ஊரடங்கு அறிவித்த சில நாளில், மார்ச் 29 அன்று, பிரீபெய்டு வாடிக்கையாளர்களின் வேலிடிட்டியை நீட்டிக்க நடவடிக்கை எடுங்கள் என்று டிராய் எழுதியது. ஏர்டெல் 8 கோடிக் குறைந்த வருமான வாடிக்கையாளர்களுக்கு வேலிடிட்டியை நீட்டித்து 10 ரூபாய் பேச்சுக்காசும் போட்டது. பி.எஸ்.என்.எல்., ஜியோ, வோடபோன் ஐடியா எல்லாமும் ஏதோ ஒரு வடிவில் இன்கமிங்கை நிறுத்தாமல் வைத்தன. காசு கட்டாதவருக்கும் அழைப்பு வரச் செய்வது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல என்பதும், யார் குறைந்த வருமான வாடிக்கையாளர் என்று நிறுவனத்துக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதும் அந்த ஒரு மாதத்தில் நிரூபணமாயின. கொரோனாவில் முடிந்தது மற்ற நாளில் ஏன் முடியாது?

இதை ஏன் தலித் விவகாரமாகப் பேசுகிறோம், எல்லா ஏழைகளுக்கும் உள்ளதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். எல்லா ஏழைகளுக்கும் உள்ளதுதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 31 விழுக்காடு, அரியலூரில் சுமார் 23 விழுக்காடு பட்டியலின மக்கள். நிலம் இல்லாமல் நாள் கூலியை நம்பி வாழ்வோரில் நம் பங்கு அதைவிட அதிகம். மாதச் சம்பளக்காரருக்கு ரீசார்ஜ் ஒரு செலவு. வேலை உள்ள வாரம், இல்லாத வாரம் என்று வாழ்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு. அரிசியா, மாத்திரையா, ரீசார்ஜா?

அரசோ எல்லாவற்றையும் அந்தப் போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. ரேஷன் அட்டையில் ஒரு பெயரைச் சேர்க்க ஓடிபி. கல்வி உதவித்தொகைக்கு ஓடிபி. ஆதார் சரிபார்க்க ஓடிபி. மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பம் ஏற்கப்பட்டதா இல்லையா என்பது குறுஞ்செய்தியில். இன்கமிங் நின்ற போனுக்கு ஓடிபி வராது. உரிமையைக் கேட்க முதலில் 199 ரூபாய் கட்டு என்பதுதான் இதன் பொருள். விண்ணப்பக் கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டு வாசலில் நுழைவுச்சீட்டு விற்பதைப் போல.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 15-அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்ற நடவடிக்கை ஒவ்வொன்றையும் உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எதிரி ஜாமீன் கேட்டால் அதையும் தெரிவிக்க வேண்டும். அரும்பாடுபட்டுக் கிடைத்த பிரிவு இது. நடைமுறையில் பல நேரம் இந்தத் தெரிவிப்பு ஒரு போன் அழைப்பாகச் சுருங்கிவிடுகிறது. காவல் நிலையத்திலிருந்து அடித்தோம், போன் போகவில்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது. நாம் துணை நின்ற வழக்கு ஒன்றில், கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் தன் மகனைத் தாக்கியவர்கள் ஜாமீனில் வந்துவிட்டதை அவர்கள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவருடைய போனில் அந்த மூன்று வாரமாக இன்கமிங் இல்லை. தெரிவிப்பது காவல்துறையின் கடமை, போன் இல்லாவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்று நாம் வாதாடலாம், வாதாடினோம். அந்த மூன்று வாரத்தை யார் திருப்பித் தருவார்?

வன்கொடுமைப் புகாருக்காகவே 14566 என்ற தேசிய உதவி எண்ணை 2021 டிசம்பரில் தொடங்கினார்கள். கட்டணமில்லா எண். கட்டணமில்லா எண் என்றால் அந்த அழைப்புக்குக் காசு பிடிக்க மாட்டார்கள் என்று பொருளே தவிர, வேலிடிட்டி முடிந்த போனிலிருந்தும் அந்த அழைப்பு போகும் என்று பொருள் அல்ல. அவசர உதவிக்கு நாடு முழுக்க ஒரே எண் வேண்டும் என்று டிராய் 2015இல் பரிந்துரைத்தபோது, வெளியழைப்பு நிறுத்தப்பட்ட சிம்மிலிருந்தும் 112க்கு அழைக்க முடிய வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. அந்த உறுதி 14566க்கும், பெண்களுக்கான 181க்கும், குழந்தைகளுக்கான 1098க்கும் எழுத்தில் வேண்டும். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட ஒரு பெண் வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்போது, தன் போனில் எத்தனை நாள் வேலிடிட்டி மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

டிராய் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. 28 நாளை மாதம் என்று விற்பதைக் கண்டித்து 2022 ஜனவரியில், 30 நாள் திட்டம் ஒன்றாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்றது. 2024 டிசம்பர் 23 அன்று இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் போன் வைத்திருப்பவர் தலையில் டேட்டாவைக் கட்டாதே, அவருக்கென்று தனித் திட்டம் கொடு என்று நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டித்தான் இந்த ஆணை வந்தது. நல்ல ஆணை. அதை நிறுவனங்கள் எப்படி நிறைவேற்றின என்று பாருங்கள். 2025 ஜனவரியில் ஏர்டெல் முதலில் 499 என்று அறிவித்து, பிறகு 84 நாளுக்கு 469 ரூபாய் என்று குறைத்தது. ஓராண்டுக்கு 1,849. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. வோடபோன் ஐடியா 270 நாளுக்கு 1,460. எல்லாம் மொத்த விலை. 28 நாளுக்கு என்று பேச்சுக்கு மட்டுமான சின்னத் திட்டத்தை அந்த அறிவிப்பில் மூன்று நிறுவனமும் வைக்கவில்லை.

நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஓராண்டுத் திட்டம் எடுப்பவருக்கு நாளைக்கு 5 ரூபாய் 7 காசு. 84 நாள் எடுப்பவருக்கு 5 ரூபாய் 58 காசு. 199 ரூபாய் மட்டும் புரட்ட முடிந்து, வேண்டாத டேட்டாவையும் சேர்த்து வாங்குபவருக்கு 7 ரூபாய் 11 காசு. கையில் மொத்தப் பணம் உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை அதிகம். மூட்டையாக வாங்கினால் ஒரு விலை, கால் கிலோ வாங்கினால் ஒரு விலை என்ற மளிகைக்கடைக் கணக்குதான். மளிகைக்கடைக்காரராவது கடன் சொல்ல விடுவார்.

சட்டத்தில் நமக்கு இன்னொரு காப்பும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2013இல் வந்த விதிப்படி, 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் ஒரு பிரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் முடக்கக் கூடாது. அந்த 20 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும். முடக்கிய பிறகும் 15 நாளுக்குள் கேட்டால் திரும்பத் தர வேண்டும். இது 2025 ஜனவரியில் புதிய சலுகை போல வாட்ஸ்அப்பில் சுற்றியது, பழைய விதிதான் என்று டிராயே விளக்க வேண்டியதாயிற்று. இந்த விதி காப்பது எண்ணை மட்டுமே, பேச்சை அல்ல. பயன்படுத்தவில்லை என்றால் என்ன பொருள்? அழைப்பு போகவும் இல்லை, வரவும் இல்லை என்று பொருள். முதலில் அவுட்கோயிங்கையும் இன்கமிங்கையும் நிறுத்திவிட்டு, பிறகு நீ 90 நாளாகப் பயன்படுத்தவில்லை என்று எண்ணைப் பறிப்பது கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் நாற்று நடவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

எண் போனால் என்ன, வேறு சிம் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், ஆதாரிலும் வங்கியிலும் ரேஷனிலும் எண்ணை மாற்ற ஒரு கூலித் தொழிலாளி எத்தனை நாள் வேலையை விட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒருமுறை நின்று பார்க்கலாம். முடக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தருவதில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. அதற்குப் பிறகு அது இன்னொருவர் கைக்குப் போகும். நம் வங்கி ஓடிபியும் அவரிடம் போகும்.

நிறுவனங்கள் தர்மசத்திரம் நடத்தவில்லை, கோபுரமும் அலைக்கற்றையும் காசு இல்லாமல் வருமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாம் இலவசமாகப் பேச விடு என்று கோரவில்லை. பேச்சையும் டேட்டாவையும் வேறு வேறாகப் பார், அடிப்படையை அறுக்காதே என்கிறோம். இதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா வரை போகலாம், அங்கே நடந்ததும் பாதி வெற்றிதான். அங்கு 1985இல் 'லைஃப்லைன்' என்று ஏழை வீடுகளின் தொலைபேசிக் கட்டணத்துக்கு மானியம் தொடங்கினார்கள், இன்றும் மாதம் 9.25 டாலர் வரை தருகிறார்கள். வெளியூர் அழைப்புக் கட்டணத்தைக் கட்டவில்லை என்பதற்காக லைஃப்லைன் வீட்டின் உள்ளூர்த் தொலைபேசியைத் துண்டிக்கக் கூடாது என்று 1997இல் மத்திய ஆணையம் விதி போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட, 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இருந்தும் சில மாநிலங்கள் அதே காப்பைத் தம் விதிகளில் வைத்துக்கொண்டன. அங்கே வெளியூர் அழைப்பு இருந்த இடத்தில் இங்கே டேட்டா இருக்கிறது. கூடுதல் சேவைக்குக் காசு இல்லாததால் அடிப்படைச் சேவை போகக் கூடாது என்ற நியாயம் ஒன்றுதான்.

மானியத்துக்குப் பணம் எங்கே என்றால், அது நம்மிடமிருந்து ஏற்கெனவே வாங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு, கிராமப்புறச் சேவைக்கென்று 2002 முதல் ஒரு நிதிக்குப் போகிறது. நாம் கட்டும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதன் பங்கு இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றியது. 2024 ஆகஸ்டில் வெளியான அதன் விதிகளில், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய பிரிவினர் ஆகியோருக்குச் சேவை கிடைக்கச் செய்வதும் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை அந்த நிதி பெரும்பாலும் கோபுரத்துக்கும் கேபிளுக்கும் போனது. கோபுரம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் கோபுரத்தின் நிழலில் இருக்கும் சேரியில் பேச்சு இல்லாத போன் கிடக்கும்போது, அந்த நிதி அந்தப் போனுக்கும் வர வேண்டும். நூறு நாள் வேலை அட்டை, அந்தியோதயா அட்டை வைத்துள்ள குடும்பத்துக்கு ஒரு எண்ணுக்காவது ஆண்டு முழுக்க இன்கமிங்கும் குறுஞ்செய்தியும் உதவி எண்களுக்கான அழைப்பும் நிற்காது என்று உறுதி தர அது போதும். தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் இலவசம். குடிசைக்கு ஒரு விளக்கு என்பது அதற்கும் முன்பிருந்தே உண்டு. மின்வாரியம் மூழ்கிவிடும் என்று அன்றும் சொன்னார்கள். விளக்கு எரிகிறது.

உறுதி வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர்கள் கடையில் 'குறைஞ்ச ரீசார்ஜ் போடுங்க' என்று சொல்லாமல், பேச்சுக்கு மட்டுமான திட்டம் எது என்று கேளுங்கள். கடைக்காரர் தானாகச் சொல்வது அரிது. 10 ரூபாய் டாப்-அப் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இன்னும் விதியில் இருக்கிறது. டாப்-அப் போட்டால் முழுத்தொகை ஏறாது, வரி பிடிக்கும், வேலிடிட்டியும் கூடாது. ஆனால் கணக்கில் 20 ரூபாய் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் எண்ணைக் காப்பாற்றலாம். மேலே சொன்ன விதியை மீறி எண்ணைப் பறித்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே பதில் இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசிப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடின. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

தனி ஆளின் புகார் ஓர் எண்ணைத்தான் மீட்கும். இன்கமிங்கை வேலிடிட்டியோடு கட்டிப்போடுவதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை கிராம சபைத் தீர்மானமாக, நாடாளுமன்ற உறுப்பினருக்கும் டிராய்க்கும் போக வேண்டும். அதற்கு வெறும் கோஷம் போதாது, கணக்கு வேண்டும். நம் மாணவர்களிடம் இதைக் கேட்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். வீட்டில் எத்தனை போன், அது யார் கையில் இருக்கிறது, கடைசியாக ரீசார்ஜ் செய்தது என்று, இன்று இன்கமிங் வருகிறதா, வராத நாளில் எந்தச் செய்தி தவறியது. இந்த ஐந்து கேள்வி போதும். பெயரும் எண்ணும் எழுத வேண்டாம். ஐம்பது வீட்டுக் கணக்கு ஒரு நோட்டில் ஏறினால் அடுத்த கிராம சபையில் அதை எழுந்து நின்று படிக்கலாம்.